வளர்ப்புப் பெற்றோராக ஆவதற்கு உண்மையில் என்ன தேவை?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், ஒன்பது வயதில் ஒரு மகன் இருக்கிறான், தத்தெடுக்கும் எண்ணம் இல்லை. பெற்றோருடன் இருக்க முடியாத நிலையில் உள்ள ஒரு குழந்தையைச் சில காலம் உங்கள் வீட்டில் வைத்து வளர்க்க விரும்புகிறீர்கள். அதற்கு என்ன தகுதி வேண்டும், பாசம் வைத்த பிறகு அந்தக் குழந்தையைத் திரும்பக் கொடுக்க உங்களால் முடியுமா என்று கேட்கிறீர்கள்.

வீட்டின் பரப்பளவு, வருமானம், வயது வரம்பு ஆகியவற்றை விசாரித்துக்கொண்டு வருகிறவர்களே அதிகம். திரும்பக் கொடுப்பதைப் பற்றி முதல் கேள்வியிலேயே கவலைப்படுகிறவர்கள் குறைவு. இத்தகைய குடும்பங்களை மதிப்பிடும் பணியிலும் பயிற்சியளிக்கும் பணியிலும் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பயம் உங்களைத் தகுதியற்றவர்களாக ஆக்கிவிடாது. அது துளியும் இல்லாமல் வருகிறவர்களைப் பற்றித்தான் நாங்கள் கூடுதலாக யோசிப்போம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பேச்சுவழக்கில் ‘வளர்ப்புப் பிள்ளை’ என்பது தத்துப்பிள்ளையையும் குறிக்கிறது, பிறர் பிள்ளையைச் சில காலம் வைத்து வளர்ப்பதையும் குறிக்கிறது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு. தத்தெடுப்பில், பொதுவாக, பெற்றவர்களுக்கும் குழந்தைக்கும் இருந்த சட்ட உறவு முடிவுக்கு வந்து, புதிய பெற்றோருடன் நிரந்தர உறவு தொடங்குகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் பழைய உறவு அறுவதில்லை. பெற்றவர்கள் பெற்றவர்களாகவே இருக்க, ஊட்டி, உறங்கவைத்து, பள்ளிக்கு அனுப்பும் அன்றாடப் பொறுப்பு மட்டும் இன்னொரு குடும்பத்தின் கைக்கு வருகிறது. நம் பழைய அகப்பாடல் மரபு, பெற்றவளான நற்றாய், வளர்த்தவளான செவிலி என்று இருவரையும் ஒரே பெண்ணுக்குத் தாயாக வைத்துப் பேசியது. ஒருத்தி இருப்பதால் மற்றவள் இல்லாமல் போய்விடவில்லை. உங்களுக்குத் தரப்படுவது செவிலியின் இடம். நற்றாயின் இடம் காலியாக இல்லை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் பல சிக்கல்கள் புரியத் தொடங்கும்.

உலக அளவில் இந்தப் பராமரிப்பு எந்த அடிப்படையில் நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 20ஆவது பிரிவு, குடும்பச் சூழலை இழந்த குழந்தைக்கு அரசின் தனிப் பாதுகாப்பைப் பெறும் உரிமை உண்டு என்கிறது. அங்கே சொல்லப்படும் மாற்று வழிகளில் வளர்ப்புக் குடும்பம் முதலில் வருகிறது. நிறுவனக் காப்பகம், தேவைப்பட்டால் மட்டும் என்ற நிபந்தனையோடு கடைசியில் வருகிறது. 2009இல் அதே சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இன்னும் விரிவாகப் பேசுகின்றன. வறுமை ஒன்றையே காரணம் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. பிரிப்பது கடைசி வழியாகவும், இயன்றவரை தற்காலிகமாகவும், மிகக் குறுகிய காலத்திற்கானதாகவும் இருக்க வேண்டும். உடன்பிறந்தவர்களைத் தக்க காரணமின்றித் தனித்தனியே அனுப்பக் கூடாது. ஆகவே குழந்தை தன் வீட்டுக்குத் திரும்புவதுதான் தொடக்கத்தில் எல்லாரும் நோக்கமாகக் கொள்வது. அது இயலாது என்று உறுதியான பிறகே உறவினர் வீடு, நீண்டகால வளர்ப்பு, தத்து முதலியவை பேசப்படும். திரும்பிப் போவதைத் தோல்வியாகக் கருதுகிறவருக்கு இந்தப் பொறுப்பு நாளடைவில் கசந்துவிடும்.

எழுத்தில் கேட்கப்படும் தகுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தபட்ச வயது, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, மருத்துவச் சான்று, குடும்பத்தின் செலவுகளைத் தாங்கும் நிலையான வருமானம், குழந்தைக்குத் தனிப் படுக்கையும் ஓரளவு தனிமையும் உள்ள பாதுகாப்பான வீடு, உங்களை நன்கறிந்த சிலரின் பரிந்துரை ஆகியவை ஏறக்குறைய எங்கும் கேட்கப்படுபவை. எண்களும் படிவங்களும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் பகுதியின் குழந்தை நல அமைப்பிடம் அவற்றைக் கேட்டுப் பெறுங்கள். வாடகை வீடு தடையாகும், இருவரும் வேலைக்குப் போனால் தடையாகும், தனியாக வாழ்பவரை ஏற்கவே மாட்டார்கள் என்றெல்லாம் பலர் தாமாகவே முடிவு செய்துகொண்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறார்கள். பல இடங்களில் இவை தடையே அல்ல. பள்ளியிலிருந்து திடீரென அழைப்பு வந்தால் யார் போவீர்கள், எத்தனை நிமிடங்களில் போவீர்கள் என்பதைத்தான் வேலைக்குப் போகும் தம்பதியரிடம் நான் கேட்பேன்.

மதிப்பீடு என்பது வேறு. அது பல மாதங்கள் நீளும். பல முறை வீட்டுக்கு வருவார்கள். இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் பேசவைப்பார்கள். உங்கள் மகனிடமும் தனியாகப் பேசுவார்கள். நீங்கள் எப்படி வளர்க்கப்பட்டீர்கள், அடி வாங்கினீர்களா, கோபம் வந்தால் வீட்டில் என்ன நடக்கும், கடைசியாகப் பெரிய சண்டை எதற்காக வந்தது, அதை யார் முதலில் முடித்தார்கள், குழந்தைப்பேறு தொடர்பாக ஏதேனும் இழப்பு நேர்ந்ததா, மது அருந்துவீர்களா, கடன் எவ்வளவு என்பது வரை கேள்விகள் நீளும். நல்ல காரியம் செய்ய வந்த எங்களைக் குற்றவாளியைப் போல விசாரிக்கிறார்களே என்று மனம் நோகிறவர்கள் உண்டு.

அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1945 சனவரியில், இங்கிலாந்தின் ஒரு பண்ணை வீட்டில் வளர்க்கக் கொடுக்கப்பட்டிருந்த டென்னிஸ் ஓ'நீல் என்ற 12 வயதுச் சிறுவன், பட்டினியாலும் அடியாலும் இறந்தான். அவனை அங்கே அனுப்பியவர்கள் அந்த வீட்டைச் சரியாக ஆராயவில்லை, அனுப்பிய பிறகு ஒழுங்காகக் கண்காணிக்கவும் இல்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அந்தச் சாவு கிளப்பிய அதிர்ச்சியின் பின்னணியில்தான் அந்நாட்டின் 1948ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் உருவாயிற்று. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்க்கும் சமூகப் பணியாளர் உங்களைச் சந்தேகிக்கவில்லை. பேசத் தெரியாத ஒருவருக்காகப் பார்க்கிறார்.

அந்த உரையாடல்களில் நாங்கள் தேடுவது மாசற்ற வாழ்க்கை வரலாறு என்று நினைத்துவிடாதீர்கள். கடினமான இளமையைக் கடந்து வந்தவர்களில் மிகச் சிறந்த வளர்ப்புப் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். “என் அப்பா என்னைப் பெல்ட்டால் அடித்துத்தான் வளர்த்தார், நான் என்ன கெட்டா போய்விட்டேன்?” என்று சிரித்தபடி சொன்ன ஒருவரும், “அடி விழப் போகிறது என்று தெரிந்தால் என் தம்பியின் கையைப் பிடித்துக்கொள்வேன், இன்றும் யாராவது குரலை உயர்த்தினால் என் கை அவனைத் தேடுகிறது” என்று சொன்ன இன்னொருவரும் ஒரே வகையான வீட்டிலிருந்து வந்தவர்கள்தான். பின்னவர் தன் காயத்தை அறிந்திருந்தார். அடிபட்டு வந்த குழந்தையை எந்த நிலையிலும் அடிக்கக் கூடாது என்பது வளர்ப்புப் பராமரிப்பின் உறுதியான விதி. அதை விதியாக மட்டும் கேட்டுக்கொள்கிறவர் களைத்துப்போன ஓர் இரவில் மீறிவிடக்கூடும் என்ற அச்சம் எனக்கு எப்போதும் உண்டு.

எதற்காக வருகிறீர்கள் என்பதும் நுணுக்கமாகப் பார்க்கப்படும். தங்கள் ஒற்றைப் பிள்ளைக்கு விளையாட்டுத் துணை வேண்டும் என்பதற்காகவும், இறந்துபோன பிள்ளையின் இடத்தை நிரப்பவும், தத்தெடுக்கும் வரிசையில் குறுக்குவழி கிடைக்குமா என்று பார்க்கவும் வருகிறவர்கள் உண்டு. இவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் ஏற்கெனவே சுமையோடு வரும் குழந்தையின் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுகிறார்கள். அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்களிடம் சில காலம் கழித்து வாருங்கள் என்று சொல்வது அதனால்தான். பணத்தைப் பொறுத்தவரை, பல நாடுகளில் மாதந்தோறும் ஒரு தொகை தரப்படுகிறது. பெரும்பாலும் அது குழந்தையின் செலவுக்கானது, சில இடங்களில் மட்டுமே வளர்ப்பவரின் உழைப்புக்கான ஊதியமும் சேரும். அதை வருமானமாகக் கணக்கிட்டுக் குடும்பத்தை நடத்தத் திட்டமிட வேண்டாம்.

இனி குழந்தையைப் பற்றி. உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் குழந்தை தன் உடைமைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருக்கலாம். முதல் வாரங்களில் சொன்ன சொல் தட்டாமல் இருக்கும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள். பிறகு ஒருநாள் படுக்கையைத் தட்டிப் போடும்போது, மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் ஏழெட்டு பிஸ்கட்டுகளும் காய்ந்துபோன ரொட்டித் துண்டும் கிடக்கும். பசித்த நாள்களை அறிந்த குழந்தைக்கு, நாளையும் சாப்பாடு கிடைக்கும் என்று நீங்கள் வாயால் சொல்வது போதாது. அதைத் திருட்டு என்று கண்டித்தால் ஒளித்துவைக்கும் இடம்தான் மாறும். அனுபவமுள்ளவர்கள் வேறொன்று செய்வார்கள்: குழந்தையின் அறையில் மூடியுள்ள ஒரு டப்பாவை வைத்து, இது உனக்கானது, தீரும்போது நானே நிரப்புவேன் என்று சொல்லி, சொன்னபடி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள் கழித்து அந்த டப்பா தொடப்படாமல் கிடக்கும். அன்றைக்கு யாரும் கைதட்டப் போவதில்லை. ஆனால் இந்தப் பணியில் முன்னேற்றம் பெரும்பாலும் அப்படித்தான் தெரியவரும்.

விழுந்து முழங்கால் கிழிந்தாலும் அழாத குழந்தை, முதல் முறை பார்க்கும் அந்நியரின் மடியில் ஏறி அமரும் குழந்தை, ஐந்து வயதிலேயே தம்பிக்குத் தாயாகிவிட்டதால் அவனுக்கு ஊட்டும் வேலையை உங்களிடம் விடமறுக்கும் பெண் குழந்தை, கதவு சாத்தும் சத்தத்துக்குத் துள்ளி எழும் குழந்தை என்று பலரைப் பார்ப்பீர்கள். பிழைத்திருப்பதற்காகக் கற்றுக்கொண்ட பழக்கங்கள் பாதுகாப்பான வீட்டுக்கு வந்ததும் உடனே உதிர்ந்துவிடுவதில்லை. பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரப்படுவது முதன்மையாக இதைத்தான்: நடத்தையைப் பார்த்துக் கோபப்படுவதற்கு முன், இது எந்த வீட்டில் பயன்பட்டிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

பிரிந்து வந்த குழந்தையை எப்படித் தாங்குவது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று, இங்கிலாந்தின் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதியர் 1960களின் பிற்பகுதியில் செய்து காட்டியது. அடுத்த பிரசவத்துக்காகத் தாய்மார் மருத்துவமனைக்குச் சென்ற நாள்களில் அவர்களுடைய சிறு குழந்தைகள் நால்வரை ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு, நடந்ததைப் படம்பிடித்தார்கள். குழந்தையின் வழக்கமான நேரங்களை முன்கூட்டியே கேட்டறிந்து அப்படியே கடைப்பிடித்தார்கள். அதற்குப் பழகிய பொருள்களை உடன் கொண்டுவரச் செய்தார்கள். தாயின் படத்தைக் காட்டி அவளைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகளுக்கும் வருத்தம் இருந்தது, ஆனால் அவர்கள் நிலைகுலையவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில், 17 மாதக் குழந்தையான ஜான் ஒன்பது நாள்கள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருந்ததையும் அவர்கள் படம்பிடித்தார்கள். அங்கே செவிலியர் அன்பானவர்கள்தான். ஆனால் முறை மாறி மாறி வந்தார்கள், அவனுக்கென்று ஒருவரும் இல்லை. ஒன்பதாம் நாள் தாய் வந்தபோது அவன் அவளிடம் போக மறுத்துத் திமிறினான். தாயை நினைவூட்டினால் குழந்தை ஏங்கிவிடும், பேசாமல் இருந்தால் மறந்துவிடும் என்று நினைக்கும் எவருக்கும் இந்த ஒப்பீட்டைத்தான் நான் சொல்வேன்.

இதிலிருந்து நேராகப் பிறப்பது, வளர்ப்புப் பெற்றோருக்கு நான் மிக முக்கியமாகக் கருதும் தகுதி: பெற்றவர்களைப் பற்றிக் குழந்தையின் காதுபடத் தாழ்வாகப் பேசாமல் இருப்பதும், அவர்களோடு சேர்ந்து செயல்படுவதும். சொல்வது எளிது. குழந்தையின் முதுகில் வடுவைப் பார்த்த பிறகு, அதற்குக் காரணமானவரை வாரம் ஒருமுறை சந்திப்பு அறையில் பார்த்து வணக்கம் சொல்வது எளிதன்று. அந்தச் சந்திப்பு முடிந்து வீடு திரும்பிய குழந்தை அன்றிரவு படுக்கையை நனைக்கும், பொம்மையை உடைக்கும், ‘நீ என் அம்மா இல்லை’ என்று கத்தும். சந்திப்பை நிறுத்திவிட்டால் அமைதி வரும் என்று உங்களுக்குத் தோன்றும். ஆபத்து உண்டென்றால் அதை ஆராய்ந்து முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான நேரங்களில் அந்தக் கொந்தளிப்பு, உங்களை நேசித்தால் அம்மாவுக்குத் துரோகமாகிவிடுமோ என்று அலைபாயும் மனத்தின் வலி. “அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாயே, அவருக்கு நீ வரைந்த படம் பிடித்திருந்ததா?” என்று நீங்கள் சாதாரணமாகக் கேட்கும்போது, இரண்டு பேரையும் நேசிக்கலாம் என்ற அனுமதி குழந்தைக்குக் கிடைக்கிறது.

அன்றாடத்தில் சில கட்டுப்பாடுகள் உங்களுக்கு எரிச்சலூட்டும். காப்பாளர் உரிமை பொதுவாக உங்களிடம் இருக்காது. ஆகவே அறுவை சிகிச்சைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும், சில இடங்களில் முடி வெட்டுவதற்கும்கூட ஒப்புதல் கேட்க வேண்டியிருக்கும். குழந்தையின் முகம் தெரியும் படத்தைச் சமூக ஊடகங்களில் போடக் கூடாது. நாள்தோறும் குறிப்பு எழுத வேண்டும், அதையும் சரியாக எழுதக் கற்க வேண்டும். ‘இன்று மிகவும் முரண்டு பிடித்தான்’ என்பது குறிப்பு ஆகாது. ‘மாலை 6.10க்குத் தொலைபேசி ஒலித்தது. தட்டைத் தள்ளிவிட்டு மேசைக்கு அடியில் போய் அமர்ந்தான். நான் அருகில் தரையில் உட்கார்ந்தேன். 15 நிமிடம் கழித்து வெளியே வந்து தண்ணீர் கேட்டான்’ என்பது குறிப்பு. ஒரு மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும் மனநல ஆலோசகர், தொலைபேசி மணிதான் அவனை அச்சுறுத்துகிறது என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் மீது என்றேனும் புகார் எழுந்தால் (எழக்கூடும், நல்ல குடும்பங்களிலும் எழுகிறது) உங்களுக்குத் துணை நிற்பதும் அந்தக் குறிப்பேடுதான்.

உங்கள் மகனுக்கு வருவோம். விண்ணப்பிக்கும் முன் அவனிடம் சம்மதம் கேளுங்கள், கேட்டபின் அவன் வேண்டாம் என்று சொன்னால் அதை மதியுங்கள். வருகிற குழந்தை அவனைவிட இளையதாக, ஓரிரு ஆண்டாவது இடைவெளியோடு இருப்பது நல்லது என்பது இத்துறையில் பலரும் கடைப்பிடிக்கும் நடைமுறை. பகிர வேண்டியவை எவை, பகிர வேண்டாதவை எவை என்பதை அவனே முடிவு செய்யட்டும். அவனுடைய அறையில் பூட்டக்கூடிய ஓர் அலமாரி இருக்கட்டும். வாரத்தில் ஒரு மணி நேரமாவது உங்களில் ஒருவர் அவனுக்கு மட்டும் உரியவராக இருங்கள். புதிதாக வந்தவன் தட்டை உடைத்தால் நீங்கள் பொறுமையாகப் பேசுகிறீர்கள், தான் உடைத்தால் கடிந்துகொள்கிறீர்கள் என்பதை அவன் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். அவன் கோபம் நியாயமானது என்பதை அவனிடமே ஒப்புக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மாற்றத்தை எதிர்பார்க்கலாம் என்று கேட்பீர்கள். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டில் 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கப்பட்ட ஆய்வு ஒன்று இதற்கு ஓரளவு விடை தருகிறது. காப்பகங்களில் இருந்த, 6 முதல் 31 மாத வயதுடைய 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். நான்கரை வயதில் அளந்தபோது, காப்பகத்திலேயே இருக்க நேர்ந்த குழுவின் சராசரி அறிவுத்திறன் ஈவு (ஐ.க்யூ.) 73ஆகவும், குடும்பங்களுக்குச் சென்றவர்களுடையது 81ஆகவும், தொடக்கத்திலிருந்தே சொந்தக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுடையது 109ஆகவும் இருந்தது. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்கு வந்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். வளர்ப்புக் குடும்பம் பலனளிக்கிறது என்பதற்கு இந்த எண்கள் சான்றாகக் காட்டப்படுகின்றன. எனக்கோ 81க்கும் 109க்கும் இடையில் உள்ள தூரமும் கண்ணில் படுகிறது. தொடக்க இழப்பை முழுவதும் ஈடுசெய்வீர்கள் என்று உங்களிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை, நீங்களும் எதிர்பார்க்காதீர்கள்.

ஒப்புதல் கிடைத்த பிறகு ஒருநாள் தொலைபேசி வரும். இரவு நேரமாக இருக்கும், எதிர்முனையில் பேசுகிறவர் அவசரத்தில் இருப்பார். அப்போதும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: வயது, உடல்நிலை, எதற்காகப் பிரிக்கப்பட்டது, உடன்பிறந்தவர்கள் எங்கே, எந்தப் பள்ளி, எவ்வளவு காலம், வீட்டில் இன்னொரு சிறுவன் இருப்பதால் நாங்கள் அறிந்திருக்க வேண்டியது ஏதேனும் உண்டா. தாங்காது என்று தோன்றினால் மறுத்துவிடலாம். இரக்கத்தால் ஒப்புக்கொண்டு, ஆறு வாரத்தில் முடியவில்லை என்று திருப்பி அனுப்பினால், அந்தக் குழந்தையின் கணக்கில் கைவிடப்பட்ட வீடு இன்னும் ஒன்று கூடுகிறது. உங்களைப் போன்ற புதியவர்களுக்கு என் யோசனை, ஏற்கெனவே குழந்தையை வளர்த்துவரும் இன்னொரு குடும்பத்துக்கு ஓய்வு தருவதற்காக, மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் அக்குழந்தையை வைத்துக்கொள்ளும் இடைக்காலப் பராமரிப்பில் தொடங்குங்கள் என்பது. உங்கள் வீடு எப்படி மாறுகிறது, உங்கள் மகன் எப்படி எதிர்கொள்கிறான் என்பது மூன்று வார இறுதிகளுக்குள் தெரிந்துவிடும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். முடியுமா என்றால், முடியும். வலிக்குமா என்றால், வலிக்கும். வலிக்காமல் இருப்பதற்காகப் பாசத்தை அளந்து வைக்கிறவரிடம் குழந்தை ஒட்டாது. ஒருவரிடமும் ஒட்டாமல் வளர்ந்த குழந்தைக்குப் பின்னாளில் யாரிடமும் ஒட்டுவது கடினம். ஆகவே முழுமையாகப் பாசம் வையுங்கள், பிரிவை மட்டும் திட்டமிட்டு நடத்துங்கள். குழந்தை உங்களுடன் இருக்கும் காலம் முழுவதும் ஒரு பெட்டியில் அதன் வாழ்க்கையைச் சேர்த்துவையுங்கள்: விழுந்த பால்பல், வளர்ந்த உயரம் குறித்த தாள், பள்ளியில் வாங்கிய சான்றிதழ், உங்கள் குடும்பத்தோடு எடுத்த படங்கள், பெற்றவர்களைப் பற்றித் தெரிந்த நல்ல செய்திகள். திரும்பும் நாள் முடிவானதும் நாள்காட்டியில் குறித்துக் காட்டுங்கள்; பெற்ற தாயை வீட்டுக்கு வரவழைக்க அனுமதி கிடைத்தால், குழந்தை எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும், எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள். குழந்தைமுன் அழுதால் தவறில்லை, ஆனால் உங்களைத் தேற்றும் வேலை அதன்மேல் விழக் கூடாது. அதன் பொருள்களைப் பிளாஸ்டிக் பையில் அனுப்பாமல் நல்ல பெட்டி ஒன்று வாங்கி அடுக்குங்கள். தலையணை உறையை மட்டும் துவைக்காமல் வையுங்கள், புதிய இடத்தின் முதல் இரவுகளில் பழகிய மணம் உதவும். அடுத்த குழந்தைக்கு உடனே ஒப்புக்கொள்ளாமல் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் உங்கள் மகன் மேசையில் ஒரு தட்டைக் கூடுதலாக எடுத்துவைத்துவிட்டு நிற்பான். அவனுக்கும் அழ இடம் கொடுங்கள்.